தந்தி முதல் கணிப்பு வரை: கிதார்த் தொழில்நுட்பத்தில் தலையீட்டிடம் பற்றிய ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் வரையறைகளும்

மின் கிதாரின் ஓசையை மாற்றும் கருவிகளைப் பற்றி எழுதுவோர், அவற்றைப் பெரும்பாலும் விளைவை வைத்தே வகுக்கின்றனர்: திரிபு தருவன, எதிரொலி தருவன, சுருதியை மாற்றுவன, ஓசையை நீட்டுவன. கருவியை வாங்க வருபவருக்கு இப்பகுப்பு போதுமானது. புதிதாக ஒன்றைப் படைக்க முனைபவருக்கு இது போதாது. ஒரே கணிதச் சார்பை, அதே அளவில், ஓசை செல்லும் வழியின் இரு வேறு இடங்களில் வைத்தால் இரு வேறு இசைக்கருவிகள் பிறக்கின்றன என்பதை இக்கட்டுரையில் நிறுவ முற்படுகிறோம். அதனால் 'என்ன செய்கிறது' என்னும் வினாவுக்கு முன்பாக 'எங்கே செய்கிறது' என்னும் வினாவை எழுப்புகிறோம்.

முதலில் சொற்களை வரையறுத்துக்கொள்வோம். தந்தியின் அதிர்வு மின்னாக மாறி, எண்களாகி, மீண்டும் மின்னாகி, ஸ்பீக்கரின் கூம்பை அசைப்பது வரையுள்ள முழு வழியும் 'ஓசைத்தடம்'. அத்தடத்தின் ஒரு புள்ளியில் அதிர்வையோ அதன் மின்னுருவையோ வேண்டுமென்றே மாற்றுவது 'தலையீடு'. அந்தப் புள்ளி 'தலையீட்டிடம்'. மின்னலையின் உயரத்தைச் சம கால இடைவெளிகளில் அளந்து பெறும் ஒவ்வோர் எண்ணும் ஒரு 'மாதிரி'. நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பது 'மாதிரி வீதம்'. 44,100, 48,000 ஆகியவை வழக்கிலுள்ள வீதங்கள். ஒரு சாதனத்தின் நடத்தையை எண்களில் அமைத்துக் காட்டுவதை 'ஒப்புரு' என்போம். மாதிரி என்ற சொல்லை அப்பொருளில் ஆளமாட்டோம்.

'ஒலிச் செருகுநிரல்' என்பது, தானாக இயங்காமல் ஒலிப்பதிவு நிரல் ஒன்றினுள் ஏற்றப்பட்டு, அந்நிரல் கையளிக்கும் மாதிரிகளைப் பெற்று, மாற்றி, குறித்த நேரத்துக்குள் திருப்பித் தரும் நிரலாகும். அதை ஏற்றுக்கொள்ளும் ஒலிப்பதிவு நிரல் 'புரவல நிரல்'. வரையறையில் உள்ள 'குறித்த நேரத்துக்குள்' என்ற தொடரின் கனம் ஏழாம் பகுதியில் விளங்கும்.

செருகுநிரல்களுக்குப் பொது இலக்கணம் ஒன்றை ஜெர்மனியின் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1996-இல் விஎஸ்டி என்ற பெயரில் வெளியிட்டது. 1999-இல் வந்த இரண்டாம் பதிப்பு, மிடி என்னும் இசைச்செய்தி முறை வழியாகச் சுரக் குறிப்புகளையும் செருகுநிரலுக்குள் அனுப்ப இடம் தந்தது. செருகுநிரல் தானே இசைக்கருவியாகவும் ஆகும் வழி அங்கே திறந்தது. ஆப்பிளின் ஆடியோ யூனிட்ஸ், லினக்ஸ் உலகில் பயிலும் எல்வி2, 2022-இல் முதற்பதிப்புக் கண்ட கிளாப் ஆகியவை பிற இலக்கணங்கள். ஒரே மூலநிரலிலிருந்து பல இலக்கணங்களுக்கான வடிவங்களைப் பெற ஜூஸ் போன்ற கட்டமைப்புகள் உதவுகின்றன. இவ்வேறுபாடுகள் நம் வாதத்தைத் தொடுவன அல்லவாதலால் மேலே செல்கிறோம்.

2. இடங்கள் நான்கு

ஓசைத்தடத்தில் தலையீட்டிடங்கள் நான்கு எனக் கொள்கிறோம். முதலாவது, அதிரும் தந்தி. இரண்டாவது, அதிர்வை மின்னாக்கும் பிக்கப். மூன்றாவது, ஆறு தந்திகளின் மின்னலைகளும் தனித்தனியே நிற்கும் நிலை. நான்காவது, ஆறும் ஒன்றாகக் கலந்து ஒரே கேபிளில் செல்லும் நிலை. காலால் மிதிக்கும் பெடல்கள், ஆம்ப்ளிஃபயர்கள், இன்று விற்பனையில் உள்ள கிதார்ச் செருகுநிரல்களில் மிகப் பெரும்பாலானவை ஆகிய யாவும் நான்காம் இடத்தன.

இந்நான்கையும் ஒழுங்குபடுத்தும் நெறி ஒன்றுதான்: ஓரிடத்தில் கலந்துவிட்டதை அடுத்த இடத்தில் பிரிப்பது அரிது, ஓரிடத்தில் இழந்துவிட்டதை அடுத்த இடத்தில் மீட்க இயலாது. படைப்பாளர் தம் எண்ணத்துக்கு உரிய இடத்தைத் தேர்வதில் தவறினால், பின்னர் எத்தனை நுட்பமான கணிதத்தைக் கொண்டுவந்தாலும் அத்தவறு தீராது.

3. முதல் இடம்: தந்தி

மீட்டப்பட்ட தந்தி தன் ஆற்றலைக் காற்றுக்கும் குதிரைக்கும் மரத்துக்கும் இழந்துகொண்டே அடங்குகிறது. அவ்விழப்பை ஈடுசெய்யும் ஆற்றலை வெளியிலிருந்து ஊட்டினால் தந்தி அடங்காது. அமெரிக்கரான கிரெக் ஹீட் 1969-இல் கண்டறிந்து 1976-இல் சந்தைக்குக் கொண்டுவந்த 'ஈபோ' இதையே செய்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அச்சாதனத்தில் இரு கம்பிச்சுருள்கள் உள்ளன. ஒன்று தந்தியின் அதிர்வை உணர்கிறது. அதைப் பெருக்கி மற்றொன்றுக்கு அனுப்ப, அது காந்தப்புலத்தால் தந்தியை அதே கதியில் இழுக்கிறது. வில் போட்டு வாசித்தாற்போல ஓசை நீள்கிறது.

இதன் இயற்பியலைச் சற்று நின்று நோக்க வேண்டும். இறுதிப் பகுதியின் சோதனை இதன்மேல்தான் நிற்கிறது. காந்தப் பிக்கப்பின் மின்னழுத்தம் தந்தியின் இடப்பெயர்ச்சியைப் பொறுத்ததன்று, அதன் திசைவேகத்தைப் பொறுத்தது. திசைவேகத்தோடு ஒத்த கட்டத்தில் விசை செலுத்தினால் தந்திக்கு ஆற்றல் சேரும். எதிர்க் கட்டத்தில் செலுத்தினால் ஆற்றல் உறிஞ்சப்படும். பால் வோ உருவாக்கி, மூக் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட மூக் கிதார் இவ்விரு வினைகளையும் செய்தது: தந்திகளை முடிவின்றி நீடிக்கவும், மீட்டிய கணமே அடக்கவும் அதனால் இயன்றது. உள்ளங்கையால் குதிரையோரம் அழுத்தி அடக்கும் ஓசையை, கை வைக்காமலே பெறலாம்.

இவ்விளைவை நான்காம் இடத்தில் போலச் செய்ய முயன்ற நிரல்கள் உள்ளன. அடங்கும் ஓசையின் வீச்சை உயர்த்தி, சமநிலைப்படுத்தி, நீட்டிக் காட்டுவன அவை. கேட்பவருக்கு ஓரளவு ஒப்பாகலாம். வாசிப்பவரின் விரல் நுனிக்கோ, அடங்கிக்கொண்டிருக்கும் தந்தி அடங்கும் தந்தியாகவே படுகிறது. முதல் இடத்துத் தலையீடு கைக்கும் காதுக்கும் ஒரே செய்தியைச் சொல்கிறது என்பதே அதன் தனிச்சிறப்பு.

4. இரண்டாம் இடம்: பிக்கப்

ஜார்ஜ் போஷாம்ப் உருவாக்கி, அடால்ஃப் ரிக்கன்பேக்கரின் துணையோடு 1932-இல் விற்பனைக்கு வந்த அலுமினிய மடிக்கிதாரே, காந்தப் பிக்கப்போடு சந்தைக்கு வந்த முதல் மின் கிதார். அதன் காப்புரிமை 1937-இல் கிடைத்தது. கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-இல் விண்ணப்பித்த இரட்டைச்சுருள் பிக்கப், மின் இரைச்சலை ஒன்றுக்கொன்று நீக்கிக்கொள்ளும் ஏற்பாட்டைத் தந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

பிக்கப் வெறும் உணரி அன்று. அது ஒரு வடிகட்டி. சுருளின் தூண்டல் 2.5 ஹென்றி எனவும், சுருளும் கேபிளும் சேர்ந்த மின்தேக்குத்திறன் 1,000 பிக்கோஃபாரட் எனவும் கொண்டால், ஒத்ததிர்வு ஏறத்தாழ 3,180 ஹெர்ட்ஸில் விழும். கேபிளைக் குறுக்கி மொத்த மின்தேக்குத்திறனை 500 ஆக்கினால் அது 4,500 ஹெர்ட்ஸுக்கு ஏறும். ஓசையின் 'பளபளப்பு' என்று வாசிப்போர் சொல்வது இந்த மேட்டின் இருப்பிடத்தைத்தான். கிதாரைக் கணினியோடு இணைக்கும் ஒலி இடைமுகத்தின் உள்ளீட்டு மின்மறிப்பு 10 லட்சம் ஓம் அளவில் இல்லாவிடில் இம்மேடு தேய்ந்துவிடும். செருகுநிரல் ஒன்றைக் குறைகூறும் முன் இதைச் சோதிக்க வேண்டும்; நிரலுக்குள் வந்து சேராத ஓசைக்கு நிரல் பொறுப்பாகாது.

பிக்கப் நிற்கும் இடமும் பொருட்டு. திறந்த தந்தியின் நீளத்தில் நான்கில் ஒரு பங்குப் புள்ளியில் நிற்கும் பிக்கப்புக்கு நான்காம் சீரிசையும் (அடிப்படை அதிர்வெண்ணின் நான்கு மடங்கும்) அதன் மடங்குகளும் கேட்பதில்லை. அப்புள்ளியில் அவற்றுக்கு அசைவே இல்லை. நான்காம் இடத்தில் நிற்கும் சமன்செய் நிரல் அந்த அதிர்வெண்ணை எத்தனை மடங்கு உயர்த்தினாலும் பயனில்லை: இல்லாததைப் பெருக்கினால் இல்லாததே வரும். இரண்டாம் பகுதியில் கூறிய நெறிக்கு இது மிகத் தெளிவான சான்று.

5. மூன்றாம் இடம்: ஆறு தடங்கள்

ஒவ்வொரு தந்திக்கும் தனிப் பிக்கப் அமைத்து, ஆறு அலைகளையும் கலக்காமல் வெளியே கொணர்வது 'அறுதட' முறை. ரோலண்ட் நிறுவனம் 1977-இல் வெளியிட்ட ஜிஆர்-500 கிதார் சின்தசைசர் இவ்வழியில் முன்னோடி. 1995-இல் அதே நிறுவனத்தின் விஜி-8, ஆறு தடங்களையும் எண்களாக்கி, வெவ்வேறு கிதார்களின் ஒப்புருக்களாக மாற்றித் தந்தது. இம்முறை வாத்திய உலகில் ஓரமாகவே இருந்துவருகிறது. நம் கணிப்பில், புதியன படைப்பதற்கு மிகுந்த வாய்ப்புள்ள இடம் இதுவே. ஆகவே இதை விரித்துரைக்கிறோம்.

திரிபை எடுத்துக்கொள்வோம். திரிபு என்பது, உள்ளீட்டின் உயரத்துக்கும் வெளியீட்டின் உயரத்துக்கும் உள்ள உறவு நேர்கோடாக இல்லாமல் வளைந்திருக்கும் நிலை. அத்தகைய நேரிலாச் சார்பினுள் இரு அதிர்வெண்கள் ஒருங்கே நுழைந்தால், அவற்றின் கூட்டுத்தொகையும் வேறுபாடும் புதிய அதிர்வெண்களாகப் பிறக்கும். இதை 'இடைப்பண்பேற்றம்' என்போம்.

220 ஹெர்ட்ஸைச் சட்ஜமமாகக் கொள்வோம். கிதாரின் சமபங்குச் சுருதியில் அதன் அந்தர காந்தாரம் 277.18 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒரே திரிபுச் சார்பினுள் நுழைந்தால் 57.18 ஹெர்ட்ஸில் ஒரு வேறுபாட்டு ஓசை எழும். காந்தாரம் தூய 5:4 விகிதத்தில் 275 ஹெர்ட்ஸாக இருந்திருந்தால் அவ்வேறுபாடு 55 ஹெர்ட்ஸ், அதாவது சட்ஜமத்துக்குச் சரியாக இரண்டு ஸ்தாயி கீழே ஆகியிருக்கும். கிடைப்பதோ அதைவிட 67 சென்ட் மேலே, ஓர் அரைச்சுரத்தில் மூன்றில் இரண்டு பங்கு விலகி. வாசித்தவர் எண்ணாத, சுருதி சேராத ஓர் ஓசை அடியில் உறுமுகிறது. பஞ்சமத்தைச் சேர்த்துப் பார்ப்போம்: 329.63-இலிருந்து 220-ஐக் கழித்தால் 109.63, எதிர்பார்க்கும் 110 ஹெர்ட்ஸிலிருந்து 6 சென்ட் மட்டுமே விலகல். அது சட்ஜமத்தின் கீழ் ஸ்தாயியாகவே கேட்கும். ராக் இசையில் மிகுதிரிபோடு வாசிப்போர் காந்தாரத்தை விட்டுச் சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்துப் பிடிக்கும் 'பவர் கார்டு' வழக்கத்துக்கு இதுவே பெருங்காரணம்.

இப்போது அதே திரிபுச் சார்பை, எந்த அளவையும் மாற்றாமல், மூன்றாம் இடத்துக்குப் பெயர்த்து ஆறு தடங்களிலும் தனித்தனியே வைப்போம். ஒவ்வொரு தந்தியும் தன் சொந்தச் சீரிசைகளோடு மட்டுமே கலக்கிறது. ஓர் அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளைக் கூட்டினாலும் கழித்தாலும் அதன் மடங்குகளே வரும். சுருதி சேராத எதுவும் பிறக்காது. காந்தாரமும் நிஷாதமும் சேர்ந்த அடர்ந்த சுரக்கூட்டுகளை முழுத் திரிபோடு வாசித்தாலும் ஒவ்வொரு சுரமும் தெளிவாக நிற்கும். உறுமலை இழந்துவிடுகிறோம் என்பது உண்மை. அவ்வுறுமலை விரும்புவோர் நான்காம் இடத்திலேயே இருப்பர். கிதாரில் வாசிக்கத்தக்க இசையின் எல்லையே இட மாற்றத்தால் மாறுகிறது என்பதுதான் நாம் காட்ட வந்தது.

அறுதட முறைக்குக் குறைகள் உண்டு. ஒரு தந்தியின் பிக்கப்பில் அண்டைத் தந்தியின் அதிர்வும் மெலிதாகக் கசியும். மிகுதிரிபு அக்கசிவையும் உயர்த்திக் காட்டும். கசிவின் அளவை முன்கூட்டியே அளந்து கழிக்கும் படி ஒன்றைத் திரிபுக்கு முன் வைப்பது இன்றியமையாதது.

ஆறு தடங்களின் மற்றொரு பயன் சுருதி அறிதல். கலந்த ஓசையில் பல சுருதிகளை ஒருங்கே காண்பது கடினம். தனித்த தந்தியில் எளிது. எனினும் இயற்கை விதித்த எல்லை ஒன்று இங்குண்டு. அதிர்வு ஒரு முறையேனும் சுழன்று வந்தாலன்றி அதன் காலத்தை அளக்க இயலாது. முதல் தந்தியின் 329.63 ஹெர்ட்ஸுக்குச் சுழற்சிக் காலம் 3.03 மில்லிநொடி, ஆறாம் தந்தியின் 82.41 ஹெர்ட்ஸுக்கு 12.13 மில்லிநொடி. நம்பிக்கையோடு சொல்ல இரு சுழற்சிகள் வேண்டுமெனில் அது 24 மில்லிநொடியைத் தாண்டும். கிதார் சின்தசைசர்களில் கீழ்த்தந்திகள் பின்தங்கி ஒலிப்பதாக வாசிப்போர் முறையிடுவதன் அடிப்படை இதுவே.

சுருதியை அறிந்து அதை மிடிக் குறிப்பாக மாற்றும்போது இன்னோர் இழப்பு நேர்கிறது. மிடி முறை சுரங்களுக்கு அரைச்சுர இடைவெளியில் எண்ணிடுகிறது. இடைப்பட்ட நெளிவுகளைத் தனியான வளைவுச் செய்திகளால் உணர்த்த வேண்டும். கர்நாடக இசையைக் கிதாரில் வாசிப்பவரின் கமகத்தில் ஒரு சுரம் முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லை பெரும்பாலும் இல்லை. மிடியாக மாற்றும் கருவியோ எங்காவது ஓர் எல்லையை வகுத்தே தீரவேண்டும். அந்த எல்லை வாசித்தவருடையதன்று. கமகத்தைக் காக்க விரும்பும் படைப்பாளர், மிடிக் குறிப்பாக மாற்றாமல் அலையை அலையாகவே கையாளும் விஜி-8-இன் வழியைப் பின்பற்றுவதே தக்கது.

6. நான்காம் இடம்: கலந்த தடம்

நான்காம் இடத்துத் தலையீடுகளில் திரிபே மிகுந்த ஆய்வுக்குரியது. நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' பாடல் பதிவானபோது, கிராடி மார்ட்டின் வாசித்த தாழ்சுருதிக் கிதாரின் ஓசை, கலப்பு மேசையின் பழுதுற்ற தடம் ஒன்றின் வழியே கரகரத்து வெளிவந்தது. 1961-இல் பாடல் அவ்வோசையுடனேயே வெளியாயிற்று. பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதை ஆராய்ந்து, டிரான்சிஸ்டர்களால் அதே விளைவைத் தரும் சுற்றை அமைத்தார். அதுவே 1962-இல் கிப்சன் வெளியிட்ட மாஸ்ட்ரோ ஃபஸ்-டோன் பெடல். பழுதைக் கேட்டுத் தள்ளிவிடாமல் காரணத்தைத் தேடிச் சென்ற அந்த மனப்பாங்கைச் செருகுநிரல் ஆக்குவோர் போற்றிக் கைக்கொள்ள வேண்டும்.

திரிபின் ஒப்புருவை இரு வழிகளில் அமைக்கலாம். மின்சுற்றின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சமன்பாடுகளாக எழுதுவது 'சுற்றுவழி ஒப்புரு'. சுற்றைத் திறந்து பாராமல், தெரிந்த ஓசையை உள்ளே அனுப்பி, வெளிவருவதைப் பதிந்து, அவ்விரண்டையும் இணைக்கும் சார்பைக் கணினியைக் கற்கச் செய்வது 'பதிவுவழி ஒப்புரு'.

சுற்றுவழிக்கு எடுத்துக்காட்டாக டியூப் ஸ்க்ரீமர் பெடலின் திரிபுப் படியை நோக்குவோம். செயற்பாட்டுப் பெருக்கி ஒன்றின் பின்னூட்டப் பாதையில் இரு சிலிக்கான் டையோடுகள் எதிரெதிராக நிற்கின்றன. அதே பாதையில் 51,000 ஓம் மின்தடையும் 5 லட்சம் ஓம் திருகும் தொடராக உள்ளன. மறுகையில் 4,700 ஓம் மின்தடையும் 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும். திருகைச் சுழற்றும்போது பெருக்கம் ஏறத்தாழ 12-இலிருந்து 118 மடங்கு வரை செல்கிறது. 4,700 ஓமும் அந்த மின்தேக்கியும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸில் ஓர் எல்லையை வகுக்கின்றன. அதற்குக் கீழே செல்லச் செல்லப் பெருக்கம் குறைகிறது. ஆகவே ஆறாம் தந்தியின் அடிப்படை ஓசை டையோடுகளை மெலிதாகவே தொடுகிறது. மேற்சீரிசைகளே மிகுதியாகத் திரிகின்றன. தாழ்ந்த ஓசைகள் சேறாகக் குழம்பாதிருப்பது இதனால்தான்.

வடிகட்டியைத் திரிபுக்குப் பின்னால் வைத்தால் இப்பயன் கிட்டாது. நேரியல் படிகள் இரண்டை இடம் மாற்றலாம், விளைவு மாறாது. இடையே நேரிலாப் படி ஒன்று வந்துவிட்டால் வரிசையே பொருளாகிறது. நாம் நான்கு இடங்களுக்குச் சொன்ன நெறி, உள்ளங்கை அளவுள்ள ஒரு சுற்றுக்குள்ளும் அப்படியே ஆட்சி செய்வதைக் காண்கிறோம்.

டையோடின் மின்னோட்டம் அதன் மின்னழுத்தத்தோடு அடுக்குக்குறி முறையில் வளர்வதால், வெளியீட்டை நேரடியாகத் தரும் சூத்திரம் கிடைப்பதில்லை. ஒவ்வொரு மாதிரிக்கும் நியூட்டன்-ராஃப்சன் முறையில் ஊகித்து, திருத்தி, மீண்டும் ஊகித்து விடையை நெருங்க வேண்டும். இத்திருத்தங்களின் எண்ணிக்கைக்கு மேல்வரம்பு விதிக்காத நிரல், அடுத்த பகுதியில் கூறும் காலக்கெடுவை ஒருநாள் மீறியே தீரும்.

பதிவுவழியில், பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நரம்பியல் வலையமைப்புகளைக் கொண்டு ஆம்ப்ளிஃபயர்களையும் பெடல்களையும் நிகழ்நேரத்தில் ஒப்புருச் செய்யலாமென 2019-இல் காட்டினர். இன்று 'நியூரல் ஆம்ப் மாடலர்' என்னும் திறந்தமூல நிரல் இவ்வழியை எவரும் கையாளத் தருகிறது. ஓசையின் நெருக்கத்தில் இவ்வழி வியக்கத்தக்கது. ஆனால் எளிய வடிவில், பதியும்போது திருகு நின்ற நிலையொன்றே ஒப்புருவாகிறது. திருகைச் சற்றே திருப்பினால் என்ன ஆகும் என்பது அதற்குத் தெரியாது. ஏற்கெனவே உள்ள கருவியைக் காக்கப் பதிவுவழியும், இல்லாத கருவியைக் கற்பிக்கச் சுற்றுவழியும் ஏற்றவை என்பது நம் முடிபு. டையோடின் பண்பை இயற்கையில் இல்லாத வளைவாக மாற்றிப் பார்க்கும் உரிமை சுற்றுவழியாளருக்கே உண்டு.

ஸ்பீக்கர் பெட்டியின் ஒப்புரு நேரியலானது. ஒரு கணத் தாக்குக்கு அப்பெட்டி தரும் மறுமொழியைப் பதிந்து வைத்து, வரும் மாதிரி ஒவ்வொன்றையும் அம்மறுமொழியால் பெருக்கிக் கூட்டும் கன்வலூஷன் முறை இதற்குப் போதும்.

7. முதற் கடப்பாடு: காலம்

புரவல நிரல் மாதிரிகளை ஒவ்வொன்றாகத் தராமல் தொகுதியாகத் தருகிறது. 48,000 வீதத்தில் 64 மாதிரிகள் கொண்ட தொகுதி 1.33 மில்லிநொடிக்குரியது. அடுத்த தொகுதி வரும் முன் இதை முடித்துத் தர வேண்டும். தவறினால் ஓசையில் வெடிப்பு எழும். ஆயிரம் தொகுதிகளை விரைந்து முடித்து ஒன்றில் தவறிய நிரல், மேடையில் தவறிய நிரலே. ஆகவே சராசரி வேகம் இங்கே பயனற்ற அளவு. மிக மோசமான ஒரு தொகுதிக்கு ஆகும் நேரமே கணக்கில் வரும்.

இதிலிருந்து விலக்குகள் பிறக்கின்றன. ஒலியைக் கணிக்கும் இழையில் புதிதாக நினைவகம் கேட்கலாகாது, கோப்பைத் திறக்கலாகாது, திரையை வரையும் இழை பிடித்திருக்கும் பூட்டுக்காகக் காத்திருக்கலாகாது. இவற்றுக்கு எவ்வளவு நேரமாகும் என்று இயக்குதளம் உறுதி தருவதில்லை என்பதே காரணம். வேண்டிய நினைவகம் முழுவதையும் தொடக்கத்திலேயே பெற்றுவிட வேண்டும். திருகின் புதிய மதிப்பைப் பூட்டில்லாத அணுநிலை மாறி வழியாக அனுப்பி, சில மில்லிநொடிகளில் படிப்படியாக நகர்த்த வேண்டும். சட்டென்று தாவினால் 'சர்ர்' என்ற இரைச்சல் கேட்கும்.

புதியோரைத் திகைக்கவைக்கும் நிகழ்வு ஒன்றுண்டு. வாசிப்பு நின்று ஓசை அடங்கிய சில நொடிகளில், வேலை குறைய வேண்டிய செயலியின் சுமை திடீரென ஏறும். பின்னூட்டமுள்ள வடிகட்டிகளில் சுழலும் எண்கள் பூச்சியத்தை எட்டாமல் சிறுத்துக்கொண்டே போய், மிதவைப்புள்ளி எண்களின் இயல்பு எல்லைக்கும் கீழே இறங்கிவிடுகின்றன. அத்தகைய நுண்ணெண்களைக் கையாளப் பல செயலிகள் மிகுந்த நேரம் எடுத்துக்கொள்கின்றன. அவற்றைப் பூச்சியமாகவே கொள்ளும்படி செயலிக்குத் தொகுதியின் தொடக்கத்தில் ஆணையிடுவதே மருந்து.

தாமதம் எவ்வளவு பொறுக்கத்தக்கது? ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்று வாசிப்பவர் 8.7 மில்லிநொடித் தாமதத்தோடுதான் தம்மைக் கேட்கிறார். இதையே மேல்வரம்பாகக் கொள்வது முறை. செருகுநிரல் தன் தாமதத்தைப் புரவல நிரலுக்கு அறிவித்தால், பதிவான தடங்களை அது முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்துவிடும். வாசித்துக்கொண்டிருக்கும் விரலுக்கு அத்தகைய ஈடு எதுவும் இல்லை.

8. இரண்டாம் கடப்பாடு: போலி அதிர்வெண்

மாதிரி வீதத்தில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்ணை எண்களால் குறிக்க இயலாது. அவ்வெல்லையைத் தாண்டிப் பிறப்பது அழிந்துபோகாமல், எல்லையில் மடிந்து கீழே வேறோர் அதிர்வெண்ணாகத் தோன்றும். அதைப் 'போலி அதிர்வெண்' என்கிறோம்.

முதல் தந்தியின் 24ஆம் மெட்டில் 1,318.5 ஹெர்ட்ஸ். அதைக் கடுந்திரிபுக்கு உட்படுத்தினால் ஒற்றைப்படைச் சீரிசைகள் நீண்ட வரிசையாக எழும். அவற்றில் 35ஆவது 46,148 ஹெர்ட்ஸ். 48,000 வீதத்தில் அது மடிந்து 1,852 ஹெர்ட்ஸில் வந்து நிற்கிறது. அடிப்படைக்கும் இரண்டாம் சீரிசைக்கும் நடுவே, எச்சுருதியிலும் சேராமல். தந்தியை இழுத்து அடிப்படையை 10 ஹெர்ட்ஸ் உயர்த்தினால் போலியோ 350 ஹெர்ட்ஸ் இறங்குகிறது. சுரம் மேலே போக, கூடவே ஒரு சீழ்க்கை கீழே வழுக்குவதைக் கேட்கலாம். செருகுநிரல் 'எண்மத்தனமாக' ஒலிக்கிறது என்ற குறைகூறலுக்குப் பின்னே பலமுறை இருப்பது இதுவே. நிரலைத் தேர்ந்து பார்க்க விரும்புவோர் உயர்மெட்டில் தந்தியை மெல்ல இழுத்துக் கேட்டால் போதும்.

திரிபுப் படியை மட்டும் நான்கு மடங்கு வீதத்தில் கணித்து, பின் வடிகட்டி இறக்குவது வழக்கமான தீர்வு. இதை 'மிகைமாதிரியாக்கம்' என்போம். 192,000 வீதத்தில், அதே சுரத்தின் 131ஆம் சீரிசைக்கு முற்பட்ட எதுவும் 20,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே மடிந்து விழாது. அவ்வளவு உயரத்தில் சீரிசைகள் மிக மெலிந்திருக்கும். விலை, நான்கு மடங்குக் கணிப்பும் வடிகட்டிகளின் தாமதமும். இவ்வாறு இரண்டாம் கடப்பாட்டை நிறைவேற்ற முதற் கடப்பாட்டிலிருந்து எடுக்க நேர்கிறது. பார்க்கர், ஜவாலிஷின், லெ பிவிக் ஆகியோர் 2016-இல் முன்வைத்த முறை, திரிபுச் சார்பின் தொகையீட்டைக் கொண்டு போலிகளைக் குறைந்த செலவில் தணிக்கிறது. தாமதம் அஞ்சுவோர் அதை முதலில் கற்பது நன்று.

9. ஆக்கத்தின் நிலைகள்

முதல் நிலையில் தந்தியையே எண்ணில் அமைத்துக்கொள்ள வேண்டும் என்போம். கெவின் கார்பிளஸ், அலெக்சாண்டர் ஸ்ட்ராங் ஆகியோர் 1983-இல் வெளியிட்ட முறை இதற்குப் போதும். எழுந்தமான எண்களை ஒரு வரிசையில் நிரப்பி, முதல் எண்ணை எடுத்து வெளியிட்டு, அதற்கும் அதற்கு முன் வெளியிட்டதற்குமான சராசரியை வரிசையின் கடைசியில் சேர்த்துக்கொண்டே போனால், மீட்டிய தந்தியின் ஓசை கேட்கும். வரிசையின் நீளமே சுருதி. 44,100 வீதத்தில் திறந்த முதல் தந்திக்கு நீளம் 133.29 வரவேண்டும். வரிசையில் முழு எண்ணே இயலுமாதலால் 133 எனக் கொண்டால் சுருதி ஏறத்தாழ 4 சென்ட் கூடும். 12ஆம் மெட்டில் 66.39-க்கு 66 எனக் கொண்டால் 10 சென்ட் கூடும். டேவிட் ஜாஃபியும் ஜூலியஸ் ஸ்மித்தும் அதே ஆண்டில், பின்னத் தாமதம் தரும் வடிகட்டியைச் சேர்த்து இதைத் தீர்த்தனர். இப்பயிற்சியைச் செய்து முடித்தவர்க்குத் தாமதம், பின்னூட்டம், வடிகட்டல் ஆகிய மூன்றும் கைவரும். சோதனைக்குக் களைக்காத தந்தியொன்றும் கிடைக்கும்.

அடுத்து, தலையீட்டைக் காலக்கெடு இல்லாமல் கோப்பிலிருந்து கோப்புக்குக் கணித்துப் பார்ப்பது. அதன்பின் தொகுதி முறைக்கு மாற்றி, 1 முதல் 4,096 வரை எத்தொகுதி நீளத்திலும் ஒரே விடை வருகிறதா எனச் சரிபார்ப்பது. பிறகே புரவல நிரல்கள். கடைசி நிலை கை: வாசிப்பவர் விசையைக் கூட்டியும் குறைத்தும் மீட்டி, ஓசை கைக்கு விடை சொல்கிறதா என்று தேர்வது. இந்நிலையில் தோற்றது முதல் நிலைக்கே திரும்ப வேண்டும். திருகுகளைக் கூட்டி மறைப்பதை நாம் ஏற்பதில்லை.

10. நான்காம் இடத்திலிருந்து முதல் இடத்துக்கு

செருகுநிரலைத் தந்தியோடு நேரே பேச வைக்க முடியுமா? கழுத்தோரம் ஒரு செலுத்துசுருளைப் பொருத்தி, செருகுநிரலின் வெளியீட்டைச் சிறு பெருக்கி வழியாக அதற்கு அனுப்பினால் ஈபோவின் வினை நிரலின் வசமாகிறது. நீட்சி எவ்வளவு, எந்தச் சீரிசைக்கு, எப்போது என்பவற்றைக் கணிதத்தால் ஆளலாம். தடையாய் நிற்பது தாமதம். ஈபோவின் சுற்றில் தாமதம் இல்லை என்றே கொள்ளலாம். கணினி வழிச் சுழல்தடத்திலோ உள்ளீடும் தொகுதியும் வெளியீடும் சேர்ந்து 8 மில்லிநொடி எனக் கொள்வோம்.

அத்தாமதத்தை அப்படியே விட்டால் திறந்த முதல் தந்திக்கு அது 2.64 சுழற்சிகள். விசை பெருமளவு எதிர்க் கட்டத்தில் வந்து விழுந்து தந்தியை அடக்கும். இரண்டாம் மெட்டின் 369.99 ஹெர்ட்ஸுக்கோ அது 2.96 சுழற்சிகள், தந்தி நீளும். ஒரு மெட்டு பாடும், அடுத்தது ஊமையாகும் கருவி எவருக்கும் பயன்படாது.

நாம் முன்வைக்கும் வழி, தாமதத்தைக் குறைக்க முனையாமல் கூட்டுவது. திறந்த முதல் தந்திக்கு மூன்று முழுச் சுழற்சிகள் 9.10 மில்லிநொடி. 48,000 வீதத்தில் 53 மாதிரிகள் சேர்த்துக் காத்திருந்தால் விசை சரியான கட்டத்தில் வந்து சேரும். அடிப்படைக்கு முழுச் சுழற்சியானது அதன் சீரிசைகளுக்கும் முழுச் சுழற்சிகளே. ஆறாம் தந்திக்கு ஒரே சுழற்சி. சேர்க்க வேண்டியவை 198 மாதிரிகள். அரைச் சுழற்சி கூடுதலாகச் சேர்த்தால் அடிப்படை அடங்கும். மூக் கிதாரின் அடக்கல் வினை அதே சுருளிலிருந்து பெரும்பகுதி கிடைக்கிறது.

இதற்குச் சுருதி தெரிந்திருக்க வேண்டும். ஆகவே மூன்றாம் இடத்தின் துணை வேண்டும். சுருதி அறிய ஆகும் நேரம் கட்டுப்பாட்டை மட்டுமே பிந்தச் செய்கிறது, சுழல்தடத்தில் சேர்வதில்லை. முதல் தந்தியை அரைச்சுரம் இழுத்து 349.23 ஹெர்ட்ஸாக்கினால் சேர்க்க வேண்டிய மாதிரிகள் 53-இலிருந்து 28 ஆகக் குறைய வேண்டும். அந்த 25 மாதிரிகளைத் தாவாமல் பின்னத் தாமதத்தால் வழுக்கிச் செல்ல வேண்டும். ஜாஃபி, ஸ்மித் ஆகியோரின் வடிகட்டி இங்கே மீண்டும் பயன்படும். இரு இடர்கள் எஞ்சுகின்றன. செலுத்துசுருளின் காந்தப்புலம் தந்தியைத் தொடாமலே பிக்கப்பில் நேரே கசியும். தந்தியை அமர்த்திவிட்டு அக்கசிவை முதலில் அளந்து, கணிப்பில் கழிக்க வேண்டும். செலுத்தும் இடத்திலும் உணரும் இடத்திலும் சில சீரிசைகள் எதிர்த் திசையில் அசையும். அவை நீளாமல் அடங்கும், அவற்றைத் தனி வடிகட்டியால் திருப்ப வேண்டும். சோதனையைச் சுருதி விரைவில் தெரியும் முதல் தந்தியில், செலுத்துவிசையை மிகக் குறைவாக வைத்துத் தொடங்கி, மெட்டுக்கு மெட்டு நீட்சியின் அளவைக் குறித்துக்கொண்டு கீழ்த்தந்திகளுக்கு இறங்குவது முறையாகும்.